நோய் இல்லாதவனுக்கு மாத்திரை எதற்கு?

“உடம்புக்கு ஒன்றும் இல்லை. அப்புறம் எதற்கு ஐயா தினமும் மாத்திரை?”

எய்ட்ஸ் கிருமி தொற்றாமல் முன்கூட்டியே காப்பதற்கு ஒரு மாத்திரை இருக்கிறது என்று சொன்னால், பலரும் இப்படித்தான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. காய்ச்சல் வந்தால் மாத்திரை, தலைவலி வந்தால் மாத்திரை என்றே நாம் பழகிவிட்டோம். ஆனால் மலேரியா உள்ள காட்டுப் பகுதிக்குப் போகும் பட்டாளத்துக்காரர்கள், காய்ச்சல் வருமுன்பே மாத்திரை சாப்பிடுவது பழைய வழக்கம். அதே முறைதான் இதுவும்.

டெனோபோவிர், எம்ட்ரிசிடபைன் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை. எச்.ஐ.வி. கிருமி உள்ளே நுழைந்தாலும், அது ரத்த அணுக்களில் பெருகி நிலைகொள்ளாமல் தடுத்துவிடும். ஆனால் அதற்கு உடம்பில் மருந்து போதிய அளவு தங்கியிருக்க வேண்டும். சிக்கல் இங்கேதான்.

ரத்தம் சொன்ன உண்மை

அமெரிக்கா, பெரு, பிரேசில் உள்ளிட்ட ஆறு நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2010-ல் வெளியாயிற்று. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களும் திருநங்கையருமாக 2,499 பேர் அதில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 64 பேருக்கும், மருந்து பெற்றவர்களில் 36 பேருக்கும் கிருமி தொற்றியது. அதாவது நூற்றுக்கு 44 பங்குதான் பாதுகாப்பு.

இவ்வளவுதானா என்று எண்ணத் தோன்றும். ஆனால் கதை அதோடு முடியவில்லை. வாயால் கேட்டபோது பெரும்பாலோர் ஒழுங்காகச் சாப்பிட்டதாகவே சொல்லியிருந்தார்கள். ரத்தத்தைச் சோதித்தபோது குட்டு வெளிப்பட்டது. மருந்துப் பிரிவில் கிருமி தொற்றியவர்களைச் சோதித்ததில், நூற்றுக்கு 9 பேர் ரத்தத்தில்தான் மருந்து இருந்தது! தொற்றாதவர்களில் சுமார் பாதிப் பேருக்கு இருந்தது. ரத்தத்தில் மருந்து இருந்தவர்களுக்கு ஆபத்து நூற்றுக்கு 92 பங்கு குறைந்திருந்தது. மருந்து தோற்கவில்லை, டப்பாவிலேயே தங்கிவிட்டது.

ஆப்பிரிக்காவில் 5,029 பெண்களிடம் நடந்த இன்னோர் ஆராய்ச்சியிலும் இதே கதைதான். “இவளுக்கு எய்ட்ஸ்” என்று பிறர் எண்ணிவிடுவார்களோ என்ற பயமே பலரைத் தடுத்தது.

மைசூர் காட்டிய வழி

நமது மைசூரில் நடந்தது வேறு. பாலியல் தொழிலாளர்கள் தாங்களே சேர்ந்து நடத்தும் ‘ஆஷோதயா சமிதி’ இங்கே இருக்கிறது. பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும் திருநங்கையரும் இதில் உண்டு. 2016-ல் தொடங்கி, பெண் உறுப்பினர்களிடையே இந்த மாத்திரையை இவர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். கல்கத்தா சோனாகாச்சியிலும் அதே சமயத்தில் இத்தகைய திட்டம் நடந்தது. மைசூர் திட்டத்தில் சேர்ந்தவர்கள் 647 பேர். கடைசிவரை நின்றவர்கள் 640 பேர். ஒருவருக்கும் புதிதாகக் கிருமி தொற்றவில்லை.

வெளிநாட்டில் முடியாதது இங்கே எப்படி முடிந்தது? டாக்டர் எழுதிக் கொடுத்ததோடு விடவில்லை. அதே தொழிலில் உள்ள தோழிகளே சந்தித்து, “மாத்திரை சாப்பிட்டாயா? வயிற்றைப் புரட்டுகிறதா?” என்று விசாரித்தார்கள். இது நோயாளிக்கான மருந்தல்ல, காப்பு மருந்து என்று அக்கம்பக்கத்துக்கும் புரியவைத்தார்கள். கேட்க ஒரு ஆள் இருந்தால் மாத்திரை தவறாது. அவ்வளவுதான் ரகசியம்.

ஆண்களின் பாடுதான் கஷ்டம். ஒரே அறையில் ஐந்தாறு பேர் தங்கும்போது மருந்து டப்பாவை எங்கே வைப்பது? இந்த வாரம் பகல் ஷிப்டு, அடுத்த வாரம் இரவு ஷிப்டு. சம்பள நாளில் ஒரு குவளை உள்ளே போனால் மாத்திரை நினைவிருக்காது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர், மனைவி கண்ணில் பட்டுவிடுமோ என்று டப்பாவை அறையிலேயே விட்டுவிடுவார். மற்ற ஆண்களோடு உறவுள்ளவர்களுக்கோ, வாய்விட்டுச் சொல்லவே தயக்கம். அத்தகைய உறவு குற்றமல்ல என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துவிட்டது; வீட்டாரின் பார்வை அவ்வளவு சீக்கிரம் மாறுமா?

நாற்பத்தொரு நாள் மாலை போட்டால் ஒரு வேளை பூஜை தவறாதவர்கள் நம்மவர்கள். பல் துலக்கும் நேரம், இரவுச் சாப்பாட்டு நேரம் என்று ஏதாவது ஒரு பழக்கத்தோடு மாத்திரையைச் சேர்த்துக்கொண்டால் மறக்காது என்கிறார்கள் டாக்டர்கள். சாப்பாட்டுக்கு முன்னாலும் போடலாம், பின்னாலும் போடலாம். ஒரு நாள் மறந்தால் நினைவு வந்ததும் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும்; அதற்காக இரட்டிப்பாக விழுங்கக் கூடாது. முதல் சில வாரங்கள் குமட்டலோ தலைவலியோ வரலாம்; பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

ஆனால் கடையில் வாங்கித் தானாகத் தொடங்குவது தவறு. முதலில் எச்.ஐ.வி. பரிசோதனை வேண்டும். ஏற்கெனவே கிருமி இருந்தால் இந்த மாத்திரை மட்டும் போதாது; கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும். மஞ்சள் காமாலை ‘பி’ வகையும், சிறுநீரகமும் பார்க்கப்பட வேண்டும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. சிபிலிஸ், வெட்டை நோய்களை இது தடுக்காது என்பதால் ஆணுறையைக் கைவிட முடியாது.

“நேற்று தவறிவிட்டேன், இன்று பயமாக இருக்கிறது” என்பவர்களுக்கு வேறு சிகிச்சை உண்டு. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். கே.ஆர். ஆஸ்பத்திரி போன்ற அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே போய்க் கேட்க வேண்டும்.

தினசரித் தொல்லையே வேண்டாம் என்று, ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் லெனகாபாவிர் ஊசிக்கு 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதி தந்தது. அடுத்த மாதமே உலக சுகாதார ஸ்தாபனமும் அதைச் சிபாரிசு செய்தது. மலிவாகத் தயாரிக்க இந்தியக் கம்பெனிகளும் உரிமம் பெற்றிருக்கின்றன.

பரிசோதனை விவரங்களை ஆஸ்பத்திரியார் வெளியே சொல்லக்கூடாது என்று 2017-ல் நிறைவேறிய சட்டமே இருக்கிறது. நேரில் போகக் கூச்சப்படுகிறவர்கள் 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் கிடையாது.