மதில்மேல் பூனையும் கடிகாரத் துடிப்பும்: இலக்கமுறைச் சுற்றுகளின் நம்பகத்தன்மை

இலக்கமுறைச் சுற்றுகள் 0, 1 ஆகிய இரு நிலைகளை மட்டுமே அறியும் என்பது நாம் மாணவர்க்குக் கற்பிக்கும் முதற்பாடமாகும். இக்கூற்று பெரும்பான்மையும் உண்மை, முழுமையான உண்மையன்று. எஞ்சி நிற்கும் சிறுபான்மையை விளக்குவதும் அதற்குரிய தமிழ்ச்சொல்லை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுற்றின் நினைவுறுப்பாகிய ஃபிளிப்-ஃபிளாப், கடிகாரத் துடிப்பின் விளிம்பு வரும் கணத்தில் உள்ளீட்டைப் பதிவுசெய்கின்றது. அக்கணத்திற்குச் சற்று முன்னும் பின்னும் உள்ளீடு மாறாதிருத்தல் வேண்டும். ஒரே கடிகாரத்திற்கு உட்பட்ட உறுப்புகளிடையே இதனை உறுதிசெய்யலாம். ஆயின், விசைப்பலகையில் விரல் அழுந்தும் நேரமும் வேறொரு கடிகாரத்தில் இயங்கும் சுற்றிலிருந்து வரும் குறிகையும் இவ்வொழுங்கிற்குக் கட்டுப்படுவதில்லை.

விளிம்பு வரும் வேளையிலேயே உள்ளீடு மாறினால், வெளியீட்டின் மின்னழுத்தம் இரு நிலைகளுக்கும் இடையே தங்கிவிடக்கூடும். இதனை மதில்மேல் பூனைக்கு ஒப்பிடலாம். பூனை எப்பக்கம் தாவும் என்பதோடு எப்போது தாவும் என்பதும் நமக்குத் தெரியாது. அவ்விடைவேளையில் அதே வெளியீட்டை ஓர் உறுப்பு 0 எனவும் மற்றோர் உறுப்பு 1 எனவும் கொள்ளுமாயின் முழுச்சுற்றும் நெறிதவறும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சேனி, மோல்னார் ஆகிய இருவரும் 1973ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் இந்நிலையை அலைகாட்டிப் படங்கள்வழி மெய்ப்பித்தனர். இதனை அறவே ஒழிக்கும் சுற்று இல்லை. தீர்வு காத்திருத்தலேயாகும். இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்புகளை அடுத்தடுத்து இணைத்தால், முதலாவது தெளிவடைய ஏறத்தாழ ஒரு துடிப்புக்காலம் கிடைக்கின்றது.

இச்சிறு காத்திருப்பின் பயன் பெரிது. தெளிவடையாதிருக்கும் வாய்ப்பு, காலம் செல்லச்செல்ல அடுக்குக்குறி முறையில் குறைகின்றது. ஃபிளிப்-ஃபிளாப்பின் காலமாறிலி 50 பிக்கோநொடி எனக் கொள்வோம். 1 நானோநொடி கூடுதலாகக் காத்திருந்தால் பிழைவாய்ப்பு ஏறத்தாழ 48 கோடி மடங்கு குறையும். நொடிக்கு ஒருமுறை பிழைபடும் சுற்று, சராசரியாக 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை பிழைபடும் சுற்றாகிவிடும். மேலும் 1 நானோநொடி கூட்டின் அவ்விடைவெளி 700 கோடி ஆண்டுகளைக் கடக்கும். எனினும் பிழைவாய்ப்பு ஒருபோதும் சுழியமாவதில்லை.

இத்தகைய பிழை ஆய்வகச் சோதனையில் அகப்படாமல் தப்பிவிடலாம். மீண்டும் நிகழ்த்திக் காட்டுவதும் அரிது. ஆகவே, இங்கு நம்பகத்தன்மையைச் சோதனையால் மட்டும் நிறுவ இயலாது. கணக்கிட்டே நிறுவுதல் வேண்டும்.

இந்நிலையை 'நிலையற்ற நிலை' என்று குறித்தால், அது சிறிது நேரம் நிலைத்திருக்கும் என்னும் முதன்மைக் கருத்து மறைந்துவிடும். 'சிற்றுறுதி நிலை' என்னும் சொல்லோ, உறுதி உண்டு, ஆனால் அது சிறிது என்பதை உணர்த்துகின்றது. ஆதலின் அச்சொல்லையே நாம் பரிந்துரைக்கின்றோம். 0, 1 என்று கற்பிக்கும் ஆசிரியர், அவ்விரண்டிற்கும் இடையே மதில் ஒன்று உண்டென்பதையும் சேர்த்துக் கற்பித்தல் நன்று.