தோண்டப்படுவது யார்?

தங்கம் எடுக்கச் சுரங்கம் வெட்டினான் அன்றைய முதலாளி. இன்றைய முதலாளியோ கணக்கேட்டையே சுரங்கமாக்கிவிட்டான். தரவு அகழ்வு என்பது அதன் பெயர். அது நடக்கும் விதம் என்ன? அமெரிக்காவுக்குப் போய்ப் பார்ப்போம், தோழர்களே!

அங்கே ஹாராஸ் என்றொரு நிறுவனம். சூதாட்டக் கூடங்களும் தங்கும் விடுதிகளும் நடத்திற்று. 1998-ல் ஹார்வர்டு பேராசிரியர் கேரி லவ்மன் அதன் நிர்வாகத்தில் அமர்ந்தார். வாடிக்கையாளர் கையில் ஓர் அட்டை. ஆட்ட இயந்திரத்தில் செருகினால் சலுகை உண்டு. கூடவே, என்ன ஆட்டம், எவ்வளவு பணம் என்ற விவரமெல்லாம் கணிப்பொறிக்குப் போய்விடும்.

பொன் கொட்டுவோர் பிரபுக்களே என்று நம்பியது ஊர். கணிப்பொறி மறுத்தது! 100 பேரில் 26 பேரே வருவாயில் 82 விழுக்காடு தருகிறார்கள் என்றது. யார் அவர்கள்? கோமான்களா? இல்லை! ஆசிரியர், மருத்துவர், வங்கியாளர், இயந்திரத் தொழிலாளி என்று உழைத்து ஓய்ந்தவர்கள்!

அடுத்து ஒரு சோதனை. ஒரு சாராருக்கு இலவச அறை, விருந்து, 30 டாலர் ஆட்டக்காசு. மொத்த மதிப்பு 125 டாலர். மறு சாராருக்கு 60 டாலர் ஆட்டக்காசு மட்டும். அதிகம் ஆடியவர் யார்? 60 வாங்கியவர்! தூண்டில் சிறுத்தது, மீன் பெருத்தது.

பின்னாளில் சீசர்ஸ் என்று பெயர் மாறிய அந்த நிறுவனத்தின் பெரும் பிரிவு 2015-ல் திவாலாயிற்று. அப்போதும் அந்த அட்டைத் திட்டத்துக்கு 100 கோடி டாலர் மதிப்புச் சொன்னார்கள் கடன் கொடுத்தோர். கட்டடங்கள் கடனில் மூழ்கின, கணக்கேடு மூழ்கவில்லை!

சலுகை அட்டை நீட்டினால் வாங்காதீர் என்று சொல்லவில்லை. ஆனால் அது பரிசல்ல, பண்டமாற்று! தருவது சலுகை, எடுப்பது உங்கள் பழக்கவழக்கம். கட்டுபடியாகுமா என்று கணக்குப் பார்த்து வாங்குங்கள். அவர்கள் பார்க்கிறார்களே!