மாமா கடைப் பழைய பெட்டிக்குள் ஒரு புதிய கணினி

பிரிக்பீல்ட்சில் என் மாமா நடத்திவந்த தட்டச்சு, போட்டோஸ்டாட் கடையைக் காலி செய்த அன்று, ஐந்தடியில் இரண்டு கணினிப் பெட்டிகள் கிடந்தன. பழைய இரும்பு வாங்குபவரின் லாரிக்காக அவை காத்திருந்தன. இரண்டும் வெள்ளையாக இருந்து, ஆண்டுகள் போகப் போகப் பழுத்த வாழைப்பழ நிறத்துக்கு வந்தவை.

எனக்கு அப்போது ஒரு கணினி தேவைப்பட்டது. பொலிடெக்னிக்கில் கட்டட வரைபட மென்பொருள் பாடம் தொடங்க ஆறு வாரமே இருந்தது. என் பழைய மடிக்கணினியில் அந்த மென்பொருள் திறப்பதற்குள் ஒரு மைலோ கலக்கிக் குடித்து முடித்துவிடலாம். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு துணிக்கடையில் எட்டு மாதம் வார இறுதி வேலை செய்து சேர்த்த காசில் உதிரிப் பாகங்கள் வாங்கக் கணக்குப் போட்டிருந்தேன். அந்தப் பட்டியலில் ‘கேசிங் – 150 ரிங்கிட்’ என்ற வரி மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. தகரப் பெட்டிக்கு 150 ரிங்கிட்டா?

“மாமா, இதுல ஒண்ணு எடுத்துக்கட்டா?” என்றேன்.

“ரெண்டையும் எடுத்துக்க. லாரிக்காரன் கொடுக்கிற காசு தே தாரேக்குக்கூட ஆகாது” என்றார்.

இரண்டில் எனக்குப் பிடித்தது மூத்தது. கனமான தகடு. முன்னால் பெரிய சுவிட்ச். அழுத்தினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்காகவே அதை வைத்துக்கொண்டு, சுவிட்ச் வயரைப் புதிய மதர்போர்டில் சொருகிவிடலாம் என்று நினைத்தேன். கடையின் மின்விசிறிகளைக் கழற்ற வந்திருந்த பெரியப்பா, வயர்மேன், ஏணியிலிருந்து இறங்கி வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“அந்த சுவிட்சுல இருந்து நாலு தடி வயர் போகுது பாரும்மா. எங்க போகுது?”

பவர் சப்ளைக்குள் போனது. அதாவது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரம் பவர் சப்ளை வழியாக முன்பக்கச் சுவிட்ச் வரை நேராக வந்து திரும்புகிறது. ‘ஏடி’ வகைப் பெட்டிகள் அப்படித்தான் இருந்தன. இப்போதுள்ள கணினிகளில் முன்பக்கப் பொத்தான் மின்சாரத்தை வெட்டுவதில்லை. 5 வோல்ட்டுக்குள் ஓடும் ஒரு சிறிய சைகையை மதர்போர்டுக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்தத் தடி வயர்களை நான் புதிய மதர்போர்டில் சொருகி, சுவரில் பிளக்கைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பெரியப்பா சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். போதுமானதாக இருந்தது.

இளையதை எடுத்தேன். இரண்டையும் பிரித்தறிவது எளிது, பின்பக்கம் பாருங்கள். ஏடி பெட்டியில் விசைப்பலகைக்கு ஒரு வட்டத் துளை மட்டும் இருக்கும். அடுத்து வந்த ‘ஏடிஎக்ஸ்’ வகையில் ஏறக்குறைய 159 மில்லிமீட்டர் நீளமும் 44 மில்லிமீட்டர் உயரமும் உள்ள செவ்வகத் திறப்பு இருக்கும். இன்டெல் நிறுவனம் 1995-இல் வெளியிட்ட அளவுத் திட்டம் அது. மதர்போர்டைத் தாங்கும் திருகுகள் எங்கே வரவேண்டும், பவர் சப்ளை எந்த நான்கு ஸ்குருவில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் முடிவாகிவிட்டன. இத்தனை ஆண்டுகளில் செயலி மாறியது, நினைவகம் மாறியது; துளைகள் இடம் மாறவில்லை. என் திட்டம் முழுவதும் அந்தத் துளைகளை நம்பித்தான் நின்றது.

கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்கு கொமுட்டரில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். எதிரில் இருந்த அம்மா ஒருவர், “டிவி ரிப்பேராம்மா?” என்று பரிவோடு விசாரித்தார்.

வீட்டில் முதல் வேலை, உள்ளே இருந்ததை வெளியேற்றுவது. பழைய கேசிங்குகளின் ஓரங்கள் மழுக்கப்படாதவை, விரலைக் கேட்டு வாங்கும், கையுறை போடுங்கள். உள்ளே பென்டியம் 4 செயலி இருந்தது. வறண்டுபோன வெப்பப் பசையைத் துடைத்தால், அதன் உலோக மூடியில் ஆங்கிலத்தில் ‘மலாய்’ என்ற ஐந்து எழுத்துகள். மலேசியாவில் பூட்டப்பட்டது என்று பொருள். இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைப் பினாங்கில் தொடங்கியது 1972-இல். நம் நாட்டுக் கைகள் வழியே போன சில்லு ஒன்று, பிரிக்பீல்ட்சில் கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டு, என் கையில் வந்து முடிந்திருக்கிறது. அதை மட்டும் என் பென்சில் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

பவர் சப்ளையை வைத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள். அம்மா, “ஓடுதுல்ல, ஏன் தூக்கிப் போடுற?” என்று கேட்டார்தான். இருபது ஆண்டுப் பவர் சப்ளையின் மின்தேக்கிகள் உள்ளுக்குள் காய்ந்திருக்கும். அதன் முதன்மை இணைப்பில் 20 முனைகள், இன்றைய மதர்போர்டு கேட்பது 24. அதைத் திறந்து பார்க்கவும் வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். சிக்கனம் செய்ய இது இடமல்ல என்பது என் கருத்து. புதியது வாங்கினேன், பழைய இடத்தில் நான்கு ஸ்குருவும் அச்சாகப் பொருந்தின.

40 ஜிபி ஹார்ட் டிஸ்க் வேறு மாதிரிச் சிக்கல். மாமா கடையில் என்னென்ன தட்டச்சு செய்தார்கள்? வேலை விண்ணப்பம், அடையாள அட்டை நகல், நீதிமன்றத்துக்குப் போகும் கடிதம், யாரோ ஒருவரின் விவாகரத்து மனு. கைப்பேசியில் மாமாவைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “அது லாரியில போயிருந்தா...” என்றார். அந்த டிஸ்க்கைத் துளையிட்டு அழிப்பது என்று முடிவானது.

துளையிட இடமும் தயாராக இருந்தது. எங்கள் தாமானுக்குப் பின்னால், வீட்டு வாசலுக்கு கிரில் செய்யும் பட்டறை. அங்கே எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பழைய பெட்டியின் முன்பக்கம் முழுவதும் அடைபட்டது. பின்னால் 80 மில்லிமீட்டர் விசிறி ஒன்று மட்டும். முன்னால் 120 மில்லிமீட்டர் விசிறிக்கு வட்டம் வெட்ட வேண்டும். ஒன்றரை மடங்கு விட்டம் என்றால் பரப்பளவு எத்தனை மடங்கு? படிவம் 2 கணக்குதான்: 1.5-இன் வர்க்கம், 2.25. காற்று நுழைய அவ்வளவு கூடுதல் இடம். பட்டறை அண்ணன் கூலி வாங்கவில்லை. என்னையே வெட்டச் சொன்னார். நான் ஒரு வெட்டுத் தட்டை உடைத்தேன். 14 ரிங்கிட்.

வெட்டும்போது பெட்டி காலியாக இருப்பது முக்கியம். இரும்புப் பொடி கண்ணுக்குத் தெரியாமல் மூலைகளில் ஒளியும்; ஒரு துகள் மதர்போர்டில் விழுந்தால் போதும். பிளாஸ்டிக் பையில் சுற்றிய காந்தத்தால் எல்லா மூலையையும் தடவினேன், பிறகு கழுவி வெயிலில் காயவைத்தேன். சாயம் அடித்தபோது பவர் சப்ளை உட்காரும் இடத்தை மட்டும் சுரண்டி வெறும் உலோகமாக விட்டேன். மூன்று முள் பிளக்கின் நில இணைப்பு அந்த இடத்தின் வழியாகத்தான் பெட்டிக்கு வருகிறது. இது பெரியப்பாவின் கட்டளை.

இனி, நான் செய்த தவறு.

மதர்போர்டு நேராகத் தகட்டில் உட்காராது. ‘ஸ்டாண்ட்ஆஃப்’ எனப்படும் சிறு பித்தளைத் தாங்கிகள் அதை ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தூக்கிப் பிடிக்கும். மாமாவின் பழைய போர்டு ‘மைக்ரோ ஏடிஎக்ஸ்’, 244 மில்லிமீட்டர் சதுரம். நான் லோ யாட் பிளாசாவில் வாங்கிய போர்டு முழு ஏடிஎக்ஸ், 305-க்கு 244. பெரும்பாலான துளைகள் இரண்டுக்கும் பொது. ஆனால் சிறிய போர்டின் கீழ் வரிசைத் துளைகள் மூன்றும் பெரிய போர்டில் இன்னும் கீழே தள்ளி வரும். ஆக, மூன்று தாங்கிகளைக் கழற்றி இடம் மாற்ற வேண்டும். கடையில் நின்று களைத்து வந்த ஒரு சனிக்கிழமை இரவு, நான் இரண்டை மாற்றினேன். நடுவில் இருந்த மூன்றாவது அங்கேயே நின்றது. அதன் மேல் போர்டை வைத்து, ஸ்குரு முடுக்கி, பொத்தானை அழுத்தினேன்.

விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. மறுபடி அழுத்தினேன், அதே அரைச் சுற்று. அம்மா பின்னால் நின்றிருந்தார். எட்டு மாதம் புடவை மடித்துக் கொடுத்த காசு உள்ளே இருக்கிறது. அம்மா எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டார், அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிளக்கை உருவிவிட்டு, எல்லாவற்றையும் கழற்றி, மதர்போர்டை அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்துச் சோதித்தேன். அங்கே ஒழுங்காக ஓடியது! அப்படியென்றால் குற்றவாளி பெட்டிதான். கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தபோது, துளையே இல்லாத இடத்தில் ஒரு பித்தளைத் தாங்கி பளபளவென்று நின்றது. போர்டின் அடிப்பக்கத்தில் மின்சாரம் ஓடும் ஒரு பற்றவைப்புப் புள்ளியைத் தொட்டு, அதைப் பெட்டியோடு இணைத்துவிட்டிருக்கிறது. புதிய பவர் சப்ளை குறுக்குச் சுற்றை உணர்ந்து உடனே தன்னை அணைத்துக்கொண்டது. பழையதை வைத்திருந்தால் அது இவ்வளவு நல்ல பிள்ளையாக நடந்திருக்குமா, தெரியாது.

இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: முதலில் அட்டையின் மேல் வைத்து ஓட்டிப் பாருங்கள். பிறகு போர்டின் துளைகளை எண்ணுங்கள், பெட்டியில் நிற்கும் தாங்கிகளை எண்ணுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தாங்கிக்கும் நேரே ஒரு துளை இருக்க வேண்டும்.

முன்பக்க வயர்கள் அவ்வளவு பயமுறுத்தவில்லை. ஒன்பது முள் கொண்ட இணைப்பில் பொத்தானின் இரண்டு முனைகள் 6, 8-ஆம் முள்களுக்குப் போகும். திருப்பிப் போட்டாலும் பாதகமில்லை. விளக்குகள் மட்டும் நேர்முனை, எதிர்முனை பார்க்கும். பழைய முன்பக்க யுஎஸ்பி வயர்களை நான் இணைக்கவே இல்லை. ஒவ்வொரு முள்ளுக்கும் தனித்தனி வயராக இருந்தன. வரிசை தவறினால் சொருகும் பெண்டிரைவ் போய்விடும்.

செயலி ரைசன் 5 5600ஜி. அதன் வெப்ப உச்சவரம்பு 95 பாகை. முன் விசிறி வாங்குவதற்கு முன்பு, வெட்டிய வட்டத்தை அட்டையால் மூடிவிட்டு ஒரு பெரிய வரைபடத்தை ஓட்டிப் பார்த்தேன்; 91 வரை போனது. விசிறி மாட்டிய பிறகு அதே வரைபடத்துக்கு 72. எங்கள் வீட்டில் ஏர்கோன் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்கு: விசிறி 25, சாயம் 18, உடைந்த தட்டு 14, அரம் 12, தாங்கிகளும் ஸ்குருக்களும் 8, தூசி வலை 6. மொத்தம் 83 ரிங்கிட். மிச்சம் 67. மூன்று வார இரவுகளைக் கூலியாகப் போட்டால் நஷ்டம்தான், மறைக்க விரும்பவில்லை. காசுக்காக மட்டும் என்றால் புதிய கேசிங் வாங்கிவிடுங்கள்.

பழைய போர்டும் பவர் சப்ளையும் குப்பைத் தொட்டிக்குப் போகக்கூடாது. 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மின்னணுக் கழிவு, எஸ்டபிள்யூ 110 என்ற குறியீட்டில், நம் நாட்டில் அட்டவணையிடப்பட்ட கழிவு. அந்தக் காலத்துப் போர்டுகளின் பற்றவைப்பில் ஈயம் உண்டு. உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம், துளையிட்ட ஹார்ட் டிஸ்க்கோடு சேர்த்துக் கொடுத்தேன்.

வகுப்பு தொடங்கிய வாரம் மாமா வீட்டுக்கு வந்தார். கறுப்புச் சாயம் அடித்திருந்ததால் முதலில் பெட்டியை அடையாளம் தெரியவில்லை. கடைப் பெயர் ஒட்டிய பழைய ஸ்டிக்கரை மட்டும் நான் சாயம் படாமல் விட்டிருந்தேன். அதைப் பார்த்ததும் குனிந்து, கட்டை விரலால் பொத்தானின் இடது ஓரத்தில் அழுத்தினார். கணினி உயிர்பெற்றது.

“நடுவுல அழுத்தினா உள்ள சிக்கிக்கும்” என்றார். “சொல்ல மறந்துட்டேன்.”