வளரும் நாடுகளும் ஆய்விதழ் அணுக்கமும்: ஹினாரி திட்டத்தை முன்வைத்து

வளரும் நாடுகளின் நலவாழ்வு குறித்த ஆய்வுகள் பலவும் அந்நாட்டு நூலகங்கள் வாங்கவியலாத விலையுடைய இதழ்களிலேயே வெளிவருகின்றன. இக்குறையைப் போக்க, உலக சுகாதார நிறுவனம் பெரும் பதிப்பகங்களுடன் இணைந்து 2002இல் ஹினாரி திட்டத்தைத் தொடங்கியது. மிக வறிய நாடுகளின் நிறுவனங்களுக்கு இதழ்கள் இலவசமாகவும், சற்றே வருவாய் மிக்கவற்றுக்குக் குறைந்த கட்டணத்திலும் கிடைத்தன. தனிநபர் வருமானம் குறைவாயிருந்தும் இந்தியா இவ்விரு பிரிவிலும் சேர்க்கப்படவில்லை. பதிப்பகங்களுக்கு அது ஒரு சந்தை.

இவ்வேற்பாட்டின் வலுவின்மை 2011 சனவரியில் வெளிப்பட்டது. வங்கதேசத்தில் விற்பனை இருப்பதைக் காரணங்காட்டிச் சில பதிப்பகங்கள் 2500க்கும் மேற்பட்ட இதழ்களை அந்நாட்டிற்கு நிறுத்தின. வாய்வழி நீரேற்றக் கரைசல் காலரா நோயாளிகளைக் காக்கும் என்பதை 1968இல் மெய்ப்பித்த சோதனைகளுள் முதன்மையானவை நிகழ்ந்த டாக்கா நகரும் அந்நாட்டில்தான் உள்ளது. கண்டனங்கள் எழுந்தபின் அணுக்கம் மீண்டும் வழங்கப்பட்டது. ஆயினும், வழங்குவதும் நிறுத்துவதும் பதிப்பகங்களின் விருப்பமாகவே நீடித்தன.

பிரேசிலில் 1997இல் தொடங்கப்பெற்ற சைலோ இதற்கு மாறானது. பிரேசிலின் ஆய்விதழ்களையும், பின்னர்ப் பிற இலத்தீன் அமெரிக்க நாடுகளின் இதழ்களையும், போர்த்துகீசியம், ஸ்பானியம் முதலிய மொழிகளில் எந்நாட்டவரும் கட்டணமின்றிப் படிக்கும் வகையில் அது வெளியிடுகிறது. அங்கு நாட்டுப் பட்டியலுக்கே இடமில்லை.