கேட்டால் கிடைக்கும்! ஹோட்டல் பின்கட்டில் ஒரு குதூகல உலா

2013-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள ஒரு ரிசார்ட்டில் அறை பதிவு செய்த ஒருவர், ‘வேறு ஏதாவது வேண்டுமா?’ என்ற கட்டத்தில் இப்படிக் கேட்டிருந்தார்: மேசைமேல் மூன்றே மூன்று சிவப்பு எம் அண்டு எம் மிட்டாய் வேண்டும். பாக்கெட்டாக வேண்டாம், உதிரியாக மூன்று. ஒன்று தனக்கு, ஒன்று காதலிக்கு, மூன்றாவது ராத்திரி பசித்தால் ஆளுக்குப் பாதி. அப்புறம், கட்டிலின்மேல் பேக்கன் என்னும் பன்றி இறைச்சியின் படம் ஒன்று. ஆமாம், படம்தான். பேக்கனைப் படத்தில் பார்ப்பதே அவருக்குப் பரம சந்தோஷமாம்!

போய்க் கதவைத் திறந்தால், மிட்டாய் மூன்றும் காத்திருந்தன. கட்டிலில் படமும் இருந்தது!

அந்த அறையின் புகைப்படம் உலகத்தைச் சுற்றி வந்தது. விருந்தாளியின் குறும்பை எல்லோரும் கொண்டாடினார்கள். என் மனசு போனதோ மறுபக்கம். யாரோ ஒருவர் பாக்கெட்டைப் பிரித்து, பச்சையையும் மஞ்சளையும் நீலத்தையும் ஒதுக்கிவிட்டுச் சிவப்பாகப் பார்த்து மூன்றைப் பொறுக்கியிருக்கிறார். யாரோ ஒருவர் நல்ல பேக்கன் படமாகத் தேடி எடுத்திருக்கிறார். வேலை நேரத்தில், சீருடையோடு, முழு அக்கறையோடு! அந்த ‘யாரோ’க்கள் இருக்கும் இடம்தான் ஹோட்டலின் பின்கட்டு. ‘ஊழியர்களுக்கு மட்டும்’ என்று எழுதிய கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவோமா?

ஒரு சீட்டின் பயணம்

கதவுக்கு இந்தப் பக்கம் பளிங்குத் தரை, சரவிளக்கு, பூ வாசனை. அந்தப் பக்கம் டியூப்லைட் வெளிச்சம், சலவைக் கூடத்து ஆவி, தள்ளுவண்டிகளின் கடகட, சுவர் முழுக்க அறிவிப்புகள். விருந்தாளி எழுதும் ஒவ்வொரு வரியும் வந்து சேர்வது இங்கேதான்.

நீங்கள் பதிவு செய்யும்போது எழுதியது முதலில் கம்ப்யூட்டரில் உங்கள் பெயரோடு ஏறும். மறுநாள் வரப்போகிறவர்களின் பட்டியலுக்கு ‘அரைவல் லிஸ்ட்’ என்று பெயர். ஃப்ரண்ட் ஆபிஸ் ஆட்கள் அதை வரிவரியாகப் படித்து, விசேஷக் கோரிக்கைகளைப் பிரித்து அனுப்புவார்கள். தலையணை, தொட்டில், பூ அலங்காரம் எல்லாம் ஹவுஸ்கீப்பிங்குக்கு. பூண்டு வெங்காயம் இல்லாத சாப்பாடு கிச்சனுக்கு. மருந்து வைக்கத் தனி ஃப்ரிட்ஜ் என்றால் எஞ்சினியரிங்குக்கு. ஷிஃப்ட் தொடங்குமுன் எல்லோரும் நின்றபடியே கூடும் ‘பிரீஃபிங்’ உண்டு. இந்த அறைக்காரருக்கு இறகுத் தலையணை ஆகாது, அந்த அறைக்கு லிஃப்ட் சத்தம் கேட்கக் கூடாது, மேல்மாடி தம்பதிக்கு இன்று கல்யாண நாள் என்று ஒவ்வொன்றாக அங்கே வாசிக்கப்படும். உங்கள் சின்ன ஆசை ஒன்று, நீங்கள் ரயிலில் வந்துகொண்டிருக்கும்போதே, முகம் தெரியாத பத்துப் பேர் காதில் விழுந்துவிடுகிறது!

அதோடு முடிவதில்லை. ‘கெஸ்ட் ஹிஸ்டரி’ என்று ஒன்று இருக்கிறது. போன தடவை இரண்டு போர்வை கேட்டீர்களா? அது பதிவாகிவிட்டது. அடுத்த தடவை நீங்கள் வாய் திறக்குமுன்னே போர்வை இரண்டும் மடித்து வைத்திருக்கும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இந்தக் கலையில் கைதேர்ந்தவர் ஒருவர் இருந்தார். 1898-இல் பாரிஸில் தன் பெயரிலேயே ஹோட்டல் திறந்த செசார் ரிட்ஸ். யாருக்கு என்ன பிடிக்கும் என்று குறித்துவைத்துக்கொண்டு, கேட்காமலே செய்து அசத்தியவர் அவர்.

ஜோஷி எடுத்துக்கொண்ட விடுமுறை

பின்கட்டின் மனசு தெரிய வேண்டுமானால் ஜோஷி கதையைக் கேளுங்கள். ஜோஷி ஒரு பொம்மை ஒட்டகச்சிவிங்கி. 2012-இல் ஃபுளோரிடாவின் அமீலியா தீவில் இருக்கும் ரிட்ஸ் கார்ல்ட்டன் ஹோட்டலில் தங்கிய ஒரு குடும்பம், ஊர் திரும்பியதும் பார்த்தால் ஜோஷியைக் காணோம். பையனுக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா சமாளித்தார்: “ஜோஷிக்கு இன்னும் கொஞ்சநாள் லீவு. அங்கேயே தங்கிவிட்டு வருவான்.” சலவைக் கூடத்தில் ஜோஷி அகப்பட்டதாக ஹோட்டலிலிருந்து போன் வந்தது. அப்பா கூச்சத்தோடு ஒன்று கேட்டார்: நீச்சல்குளத்து நாற்காலியில் ஜோஷியை உட்காரவைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? பையனிடம் சொன்ன கதைக்கு அது ஒன்று போதும்.

வந்த பார்சலில் ஜோஷியோடு ஒரு கோப்பு நிறையப் படங்கள்! குளக்கரையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாய்ந்திருக்கும் ஜோஷி. ஸ்பாவில் இரண்டு கண்ணிலும் வெள்ளரித் துண்டை வைத்துக்கொண்டு மசாஜுக்குப் படுத்திருக்கும் ஜோஷி. கோல்ஃப் வண்டி ஓட்டும் ஜோஷி. மற்ற பொம்மைகளோடு சிநேகம் பிடிக்கும் ஜோஷி. உச்சக்கட்டமாக, ஊழியர் அடையாள அட்டையோடு செக்யூரிட்டி அறையின் கண்காணிப்புத் திரைகளுக்கு முன்னால் டியூட்டி பார்க்கும் ஜோஷி!

அப்பா கேட்டது ஒரே ஒரு படம். ஸ்பா பெண்மணி வெள்ளரிக்காயை நறுக்கியிருக்க வேண்டும், வண்டிக்காரர் ஸ்டீயரிங்கில் பொம்மையை நிறுத்திவைத்திருக்க வேண்டும், யாரோ ஒருவர் கேமராவோடு இத்தனை இடமும் சுற்றியிருக்க வேண்டும். அந்த நிறுவனத்தில் விருந்தாளியின் மனக்குறையைத் தீர்க்க 2,000 டாலர் வரை மேலாளரைக் கேட்காமலே செலவு செய்ய ஒவ்வோர் ஊழியருக்கும் அனுமதி உண்டு. ஜோஷிக்கு ஆனது என்னவோ வெள்ளரிக்காய்ச் செலவுதான்!

தங்கச் சாவிக்காரர்கள்

பெரிய ஹோட்டல் லாபியில், கோட்டின் இரண்டு கழுத்துப்பட்டியிலும் குறுக்காக வைத்த இரட்டைத் தங்கச் சாவி மின்னும் ஒருவரைப் பார்த்தால், நின்று ஒரு வணக்கம் வையுங்கள். அவர் கான்சியர்ஜ், அதாவது விருந்தாளியின் வெளிவேலைகளை முடித்துத் தருபவர்; ‘லே கிளே டோர்’ என்ற கான்சியர்ஜ் சங்கத்தின் உறுப்பினர். 1929-இல் பாரிஸ் ஹோட்டல்களின் கான்சியர்ஜ்கள் சிலர் சேர்ந்து தொடங்கியது; 1952-இல் கான் நகரத்தில் சர்வதேச அமைப்பாக விரிந்தது. இந்தியாவிலும் அதற்குக் கிளை உண்டு. அவர்களுடைய சொத்து தொலைபேசி எண்கள். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கும் தையல்காரர், நடுராத்திரி மாலை கட்டிக் கொடுக்கும் பூக்காரர், டிக்கெட் தீர்ந்த நாடகத்தில் இரண்டு இருக்கை பிடித்துத் தரும் நண்பர், வேறு ஊரில் அதே சாவி அணிந்த சகா என்று அத்தனை பேரும் ஒரு போன் தூரத்தில்!

பதினான்காம் விருந்தாளி

லண்டனின் சவாய் ஹோட்டலுக்குப் போவோம். 1898-இல் அங்கே வூல்ஃப் ஜோயல் என்ற வைரச் சுரங்க முதலாளி விருந்து வைத்தார். ஒருவர் வராமல் போக, மேசையில் பதின்மூன்று பேர். பதின்மூன்று பேர் பந்தியில் முதலில் எழுபவருக்கு ஆகாது என்று யாரோ சொல்ல, சிரித்துக்கொண்டே முதலில் எழுந்தவர் ஜோயல்தான். சில வாரத்தில் ஜோகன்னஸ்பர்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பிறகு பதின்மூன்று பேர் சாப்பிட உட்கார்ந்தால் சவாய் ஊழியர் ஒருவரே பதினான்காவதாகப் பந்தியில் உட்காருவது வழக்கமாயிற்று. ஆனால் ரகசியம் பேச நினைக்கும் விருந்தாளிகளுக்கு அந்நியர் ஒருவர் பக்கத்தில் இருப்பது சங்கடம். ஆகவே 1920-களில் பேசில் அயோனைட்ஸ் என்ற வடிவமைப்பாளர் மரத்தில் ஒரு கறுப்புப் பூனை செதுக்கினார். அதன் பெயர் காஸ்பர். இன்றைக்கும் பதின்மூன்று பேர் மேசை என்றால் காஸ்பர் வந்து உட்காரும். கழுத்தில் நாப்கின் கட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் முன்னால் தட்டு மாற்றுவார்கள், முழு மரியாதையோடு!

அதே ஹோட்டலில் தங்கிய எழுத்தாளர் ஆர்னால்ட் பென்னட்டுக்காகச் சமையற்காரர்கள் புகையில் பதப்படுத்திய ஹாடக் மீனைப் போட்டு ஒரு ஆம்லெட் செய்து கொடுத்தார்கள். அது அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. அந்த ஹோட்டலை வைத்தே 1930-இல் ‘இம்பீரியல் பேலஸ்’ என்ற நாவலை வெளியிட்டார் அவர். அவர் பெயரைத் தாங்கிய அந்த ஆம்லெட்டை இன்றும் சவாயில் சாப்பிடலாம். ஒருவருடைய நாக்கு கேட்டது, ஊருக்கே பலகாரமாகிவிட்டது!

மேதைகள் கேட்டவை

பாரிஸின் ல மூரிஸ் ஹோட்டலில் ஆண்டுக்கு ஒரு மாதம் தங்கியவர் ஓவியர் சால்வடார் டாலி. ஒருநாள் அறைக்கு ஆட்டுமந்தை வேண்டும் என்றார். கொண்டுவந்தார்கள்! வந்ததும் துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா போட்டுச் சுட்டார். இன்னொருநாள் பக்கத்து டுயிலரி தோட்டத்தில் ஈ பிடித்து வரச் சொன்னார்; ஈ ஒன்றுக்கு ஐந்து பிராங்க் கூலி. கோட்டும் சூட்டுமாக ஊழியர்கள் புல்வெளியில் ஈக்குப் பின்னால் ஓடும் காட்சியை நினைத்துப் பாருங்கள்! ஆட்டை மிரட்டும் காரியத்துக்கு இன்று எந்த ஹோட்டலும் இசையாது, அது நல்லதும்கூட. ஈ விஷயத்தில் இன்றும் யாராவது தயாராக இருப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

நியூயார்க்கில் விஞ்ஞானி நிகோலா டெஸ்லாவுக்கு எல்லாம் மூன்றால் வகுபட வேண்டும். சாப்பாட்டு மேசைக்குப் பதினெட்டு நாப்கின் கேட்பார். அவர் கடைசிவரை, 1943 ஜனவரியில் இறக்கும்வரை, வாழ்ந்த நியூயார்க்கர் ஹோட்டல் அறையின் எண் 3327. வகுத்துப் பாருங்கள், மீதியே வராது!

கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் 1966-இல் லாஸ் வேகாஸின் டெசர்ட் இன் ஹோட்டலுக்கு வந்து மேல்மாடியைப் பிடித்துக்கொண்டார். புத்தாண்டு விருந்தாளிகளுக்காக அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். அவர் காலி செய்யவில்லை. மறு ஆண்டு ஹோட்டலையே விலைக்கு வாங்கிவிட்டார்! பிடித்த பனானா நட் ஐஸ்கிரீமைக் கம்பெனி நிறுத்திவிட்டது என்று தெரிந்ததும், உதவியாளர்கள் நூற்றுக்கணக்கான காலன் தனியாகச் செய்ய வைத்து வரவழைத்தார்கள். அது வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் அவருக்கு வெனிலா ஆசை வந்துவிட்டது. மிச்சத்தை வருகிற போகிறவர்களுக்கெல்லாம் வாரி வழங்கினார்களாம்.

கம்பளத்தில் நடக்கும் வாத்துகள்

டென்னசி மாநிலம் மெம்ஃபிஸில் பீபாடி ஹோட்டல். 1933-இல் அதன் மேலாளர் வேட்டை முடித்து வந்த உற்சாகத்தில், கூடவே வந்த உயிர் வாத்துகளை லாபி நீரூற்றில் விட்டார். கூட்டம் அலைமோதியது. 1940-இல் அங்கே பெல்மேனாக இருந்த எட்வர்ட் பெம்ப்ரோக், சர்க்கஸில் மிருகங்களைப் பழக்கியவர். வாத்துகளை வரிசையாக நடக்கச் சொல்லித் தருகிறேன் என்றார். அதுமுதல் 1991 வரை ‘வாத்து வாத்தியார்’ பதவி அவருக்கே! இன்றும் காலை பதினோரு மணிக்கு வாத்துகள் மொட்டைமாடியில் தங்களுக்கென்று கட்டிய ‘அரண்மனை’யிலிருந்து லிஃப்ட்டில் இறங்கி, சிவப்புக் கம்பளத்தில் பேண்டு இசைக்கு நடந்து வந்து நீரூற்றில் குதிக்கும். மாலை ஐந்துக்குத் திரும்பிப் போகும். அந்த ஹோட்டலின் உணவுப் பட்டியலில் வாத்துக் கறி கிடையாது. ஒருநாள் கௌரவ வாத்து வாத்தியாராக நீங்களே கம்பளத்தில் நடக்க ஆசையா? முன்கூட்டியே ஏற்பாடு செய்தால் அதுவும் நடக்கும்!

ஓமப்புகையும் அபாயமணியும்

நம்மவர்கள் கேட்பதும் சளைத்ததல்ல. எட்டு வரும் அறை எண் வேண்டாம், ராகு காலம் முடிந்தபிறகுதான் சாவி வாங்குவேன், பெட்டி மட்டும் நல்ல நேரத்தில் உள்ளே போகட்டும். அனுபவப்பட்ட ஃப்ரண்ட் ஆபிஸ்காரர் ஏன் என்று கேட்கமாட்டார். சோபாவில் உட்காரவைத்து ஒரு காபி வரவழைப்பார்.

கல்யாணம் என்றால் பின்கட்டே திருவிழா! ஏசி மண்டபத்தில் ஓமம் வளர்க்க வேண்டும். கூரையிலோ புகையை மோப்பம் பிடிக்கும் கருவி. அது அலறினால் கட்டடம் முழுக்க மணி அடித்து, மாப்பிள்ளை உட்பட எல்லோரும் தெருவில் நிற்க வேண்டியதுதான். எனவே ஓமம் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்வார்கள். எஞ்சினியரிங் ஆட்கள் அந்த மண்டபத்துக் கருவியை மட்டும் அந்த நேரத்துக்கு நிறுத்திவைப்பார்கள். கம்பளம் பொசுங்காமல் இருக்க ஓம குண்டத்துக்கு அடியில் செங்கல்லும் மணலும். கெட்டிமேளம் முழங்கி எல்லோரும் அட்சதை போடும்போது மூலையில் பாருங்கள்: சீருடையில் ஒருவர் தீயணைப்பு சிலிண்டரோடு குண்டத்தின்மேலேயே கண்ணாக நிற்பார். கல்யாண ஆல்பத்தில் இடம்பெறாத அந்த மனிதர் இல்லாமல் முகூர்த்தம் இல்லை.

எப்படிக் கேட்பது?

இவ்வளவும் பார்த்தபிறகு நான் உறுதியாகச் சொல்வேன்: பின்கட்டுக்காரர்களுக்கு விநோதமான கோரிக்கை என்பது தொந்தரவே அல்ல, ஒரே மாதிரியான நாளில் வரும் கொண்டாட்டம். ஆனால் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. இரண்டு மூன்று நாள் முன்னாலேயே ஹோட்டலுக்கு நேராகப் போன் போட்டுச் சொல்லுங்கள். கடைசி நிமிடத்தில் நல்ல மனசுக்கும் கை கட்டப்பட்டுவிடும். காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அம்மாவுக்கு முட்டி வலி என்று தெரிந்தால், கீழ்த்தளத்து அறையோடு குளியலறைக்கு ஒரு நாற்காலியும் வந்துவிடும். செலவு உண்டென்றால் தருகிறேன் என்று நீங்களே முந்திக்கொள்ளுங்கள். சட்டத்துக்குப் புறம்பானது, இன்னொரு விருந்தாளியைப் பற்றிய தகவல், ஊழியரின் மரியாதைக்குக் குறைவானது, இவற்றைக் கேட்கவே கூடாது. முடியாது என்றால் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேட்டது கிடைத்துவிட்டதா? உங்களுக்காக ஓடியவரின் பெயரை விசாரித்து, அந்தப் பெயரைப் போட்டு மேலாளருக்கு நாலு வரி பாராட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். டிப்ஸ் அன்றைக்கே செலவாகிவிடும். பெயரோடு எழுதிய பாராட்டு பிரீஃபிங்கில் வாசிக்கப்படும், பலகையில் ஒட்டப்படும், பதவி உயர்வு பேசும் நாளில் அவருக்காகப் பேசும்.