மேகத்தில் ஏற்றுமுன் கேட்க வேண்டியது: கணக்கு யாருடைய கையில்?

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு குழுவுக்கு, கணினி வேலைகளில் சில வருடங்களாக உதவி வருகிறேன். முறைப்பாட்டுப் பிரதிகள், கிராம அலுவலரின் கடிதங்கள், செஞ்சிலுவைச் சங்கப் பதிவுத் துண்டுகள், படங்கள், குரல் பதிவுகள் என்று அவர்களிடம் இருப்பது அதிகம். அவற்றை வெளிநாட்டில் இருந்த தொண்டர் ஒருவர் நல்ல மனதோடு ஒரு மேகக் கணக்கில் ஏற்றி வைத்தார். கணக்கு அவருடைய சொந்த மின்னஞ்சலில், அவருடைய கடனட்டையில் இருந்தது. அவர் வேலை மாறினார், அட்டை காலாவதியானது, நினைவூட்டல்கள் அவர் பார்க்காத மின்னஞ்சலுக்குப் போயின. நாங்கள் விசாரிக்கத் தொடங்கியபோது கணக்கும் இல்லை, உள்ளே இருந்தவையும் இல்லை.

காகிதங்களை மறுபடி ஸ்கான் செய்தோம். குரல் பதிவுகளுக்கு வேறு பிரதி இருக்கவில்லை. பேசியவர்களில் ஒரு ஐயா அதற்குள் இறந்துவிட்டார்.

அன்றைய கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார்: “எங்கட பிள்ளையளின்ர படம் ஆரின்ர பெட்டிக்குள்ள கிடந்தது தம்பி?” என்னிடம் பதில் இருக்கவில்லை.

இப்போது சில குழுக்கள் சேர்ந்து, ஆவணங்களைப் பதியவும் தேடவும் ஒரு பொதுச் செயலித் தளத்தை நிறுவ யோசிக்கின்றன. பேச்சில் வந்தது ஓபன்ஷிப்ட். ரெட் ஹட் நிறுவனத்தின் இந்தத் தளம், பல செயலிகளைப் பல இயந்திரங்களில் பரப்பி, ஒன்று விழுந்தால் மற்றொன்று ஏற்கும்படி இயக்கும். ஓகேடி என்ற பெயரில் அதன் சமூகப் பதிப்பு இலவசமாகவே கிடைக்கிறது. அதற்காக அமேசன் வெப் சேர்விசஸில் ஒரு கணக்கைத் தயார் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. தொழில்நுட்பம் தெரியாதவர்களும் இந்தத் தயாரிப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

முதலாவது, மூலப் பயனர்

கணக்கு திறக்கும்போது கொடுக்கும் மின்னஞ்சலே அதன் மூலப் பயனர். அந்த மின்னஞ்சலை வைத்திருப்பவரே வீட்டின் உறுதியை வைத்திருப்பவர். ஆகவே தனியாளின் மின்னஞ்சல் கூடாது. குழுவின் சொந்த டொமைனில், குறைந்தது இருவர் பார்க்கும் ஒரு முகவரி வேண்டும். தொலைபேசி இலக்கமும் அப்படியே.

அடுத்தது இரட்டைச் சரிபார்ப்பு. ஒரு மூலப் பயனருக்கு எட்டுச் சரிபார்ப்புச் சாதனங்கள் வரை அமேசன் அனுமதிக்கிறது. யுஎஸ்பி வடிவிலான பாதுகாப்புச் சாவி இரண்டை வாங்கி, வெவ்வேறு ஊர்களில் உள்ள இருவரிடம் கொடுத்தோம். கடவுச்சொல் மூன்றாமவரிடம் உள்ளது. ஒருவர் விசாரணைக்கு அழைக்கப்பட்டாலும், நாட்டை விட்டுப் போனாலும், குழுவோடு முரண்பட்டாலும் கணக்கு அவரோடு போகக்கூடாது.

மூலப் பயனரை அன்றாட வேலைக்குத் தொடக்கூடாது. அதற்கு நிரல்வழி அணுகும் சாவிகளை உருவாக்கவும் கூடாது. வேலை செய்பவர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமும், அவரது வேலைக்குப் போதுமான அனுமதியும் மட்டும் கொடுக்க வேண்டும். ஓபன்ஷிப்ட் நிறுவிக்கு இயந்திரம், வலையமைப்பு, அனுமதிகள் எல்லாவற்றையும் உருவாக்க வேண்டியிருப்பதால் நிர்வாகி மட்டத்து அனுமதி தேவை. அதற்கென்று ஒரு தனி அடையாளத்தை உருவாக்குங்கள். வேலை முடிந்ததும் அந்தச் சாவியை யாருடைய மடிக்கணினியிலும் விட்டுவைக்காதீர்கள்.

இரண்டாவது, பணம்

கட்டணம் டொலரில் வரும். 2022 இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. சில மாதங்களில் அது 360 ரூபாவைத் தொட்டது. 20,000 ரூபாவாக இருந்த 100 டொலர் 36,000 ரூபாவானது. ஒருவரின் அட்டையை மட்டும் நம்பியிருந்த குழுக்களுக்கு இது பெரிய பாடம். மாற்று அட்டை ஒன்றையும் பதிந்து வைக்க வேண்டும். பாதீட்டு எச்சரிக்கையையும் முதல் நாளே அமைக்க வேண்டும். ஆனால் எச்சரிக்கை மின்னஞ்சல் மட்டுமே அனுப்பும். செலவைத் தானாக நிறுத்தாது.

அமேசனில் மூடப்பட்ட கணக்கை 90 நாட்களுக்குள் மீளத் திறக்கலாம். அதன் பிறகு உள்ளே இருப்பவை நிரந்தரமாக அழிக்கப்படும். ஆகவே நினைவூட்டல் மின்னஞ்சலை இரண்டு பேராவது வாசிக்க வேண்டும்.

மூன்றாவது, இடம்

மேகம் என்றாலும் அது தரையில் உள்ள கட்டடம்தான். அமேசனின் தரவு மையப் பிராந்தியம் எதுவும் இலங்கையில் இல்லை. கிட்ட உள்ளவை மும்பாய், ஹைதராபாத். நீங்கள் தேர்ந்த பிராந்தியத்தில் தரவு இருக்கும். ஆனால் அந்த நாட்டுச் சட்டமும், நிறுவனம் அமெரிக்காவினது என்பதால் அமெரிக்கச் சட்டமும் அதைத் தொடலாம். இங்கிருக்கும் நாம் 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும், 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் மனதில் வைத்தே எதையும் செய்கிறோம். ஆகவே சாட்சியங்களை எங்கள் கணினியிலேயே மறைகுறியாக்கி, பின்னரே ஏற்ற முடிவெடுத்தோம். திறக்கும் சாவி மேகத்தில் இருக்காது.

நான்காவது, டொமைனும் எல்லைகளும்

நிறுவிக்கு ஒரு டொமைன் பெயர் வேண்டும். அதற்கு அமேசனின் ரூட் 53 சேவையில் ஒரு பொது வலயம் உருவாக்க வேண்டும். அதற்கு மாதம் அரை டொலர். அங்கு கிடைக்கும் நான்கு பெயர் வழங்கி முகவரிகளை, டொமைன் வாங்கிய இடத்தில் பதிய வேண்டும். இது சரியாக அமையாவிட்டால் நிறுவல் பாதியில் நின்றுவிடும். டொமைனும் குழுவின் பெயரில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பின்னர் ஒதுக்கீட்டு எல்லைகள். வழக்கமான நிறுவலில் தற்காலிகத் தொடக்க இயந்திரம் ஒன்று, கட்டுப்பாட்டு இயந்திரங்கள் மூன்று, வேலை இயந்திரங்கள் மூன்று உருவாகும். ஆகக் குறைந்த அளவில் 4, 12, 6 என்று மொத்தம் 22 மெய்நிகர் சிபியு தேவை. தொடக்க இயந்திரம் பின்னர் நீக்கப்படும். மீதி 18 இரவு பகலாக ஓடும். புதிய கணக்குகளுக்கு இந்த எல்லை பெரும்பாலும் இதைவிடக் குறைவு. நிலையான பொது ஐ.பி. முகவரிகளும் ஒரு பிராந்தியத்துக்கு ஐந்துதான். கூட்டித் தரும்படி முன்கூட்டியே விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்.

நிறுவும்போது உருவாகும் கோப்புறையைப் பத்திரப்படுத்துங்கள். தளத்தை ஒருநாள் அகற்ற நினைத்தால், எதை எதை உருவாக்கினோம் என்ற விபரம் அதற்குள்தான் இருக்கும். அது தொலைந்தால் இயந்திரங்களை ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க வேண்டும். தவறவிட்டவற்றுக்குக் கட்டணம் வந்துகொண்டே இருக்கும்.

ஐந்தாவது, பதிவேடு

கணக்கில் யார் என்ன செய்தார் என்பதைக் கிளவுட்ரெயில் என்ற சேவை குறித்துக்கொள்ளும். தானாக வைத்திருப்பது 90 நாட்களுக்கு மட்டுமே. அதற்கு மேல் வேண்டுமானால் நாமே தனியாகச் சேமிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். சாட்சியங்களோடு வேலை செய்பவர்களுக்கு இது அவசியம். “இந்தக் கோப்பு மாற்றப்படவில்லையா?” என்று ஒருநாள் கேட்பார்கள். கோப்புகளைத் திறப்பதும் மாற்றுவதும் பதிவாக வேண்டுமானால் அதற்கான தெரிவையும் தனியாக இயக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதிய பின்னர் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு தனிக் குழுவுக்கு ஓபன்ஷிப்ட் தேவையில்லை. மென்பொருள் இலவசமானாலும் இயந்திர வாடகை இலவசமல்ல. சில ஆயிரம் ஆவணங்களுக்கு ஒரு சிறு இயந்திரமும் ஒழுங்கான பிரதிகளும் போதும். பல குழுக்கள் சேர்ந்து, பராமரிக்க ஆளும் தொடர்ந்து வரும் பணமும் இருந்தால் மட்டுமே பெரிய தளம் பொருந்தும். எங்கள் கூட்டத்தில் அந்த முடிவைத் தள்ளி வைத்திருக்கிறோம். கணக்கை மட்டும் தயார் செய்துவிட்டோம். தளம் பெரிதோ சிறிதோ, கணக்குக்கான வேலை பெரும்பாலும் இதேதான்.

எந்தத் தளமும் ஒரே பிரதியைக் காப்பாற்றாது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் எரிந்தன. 2023 ஓகஸ்டில் லங்கா அரசாங்க கிளவுட் மீது நடந்த கப்பத் தாக்குதலில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அரசாங்கத்துக்கே அப்படி நடந்தது. ஆகவே மேகத்தில் ஒன்று, வன்தட்டில் ஒன்று, வேறு ஊரில் இன்னொன்று என்று வைத்திருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து பார்க்கிறோம்.

கடந்த கூட்டத்தில் அந்த அம்மாவுக்கு ஒரு தாளைக் கொடுத்தேன். கணக்கு யாருடைய பெயரில் உள்ளது, சாவிகள் யாரிடம், தரவு எந்த நாட்டில், பணம் எவ்வளவு காலத்துக்குப் போதும் என்று அதில் தமிழில் எழுதியிருந்தது. வாசித்துவிட்டு மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். “அடுத்த வருசமும் இதைப் புதுசா எழுதித் தாங்கோ” என்றார்.