தோல் இல்லை, சரி. வேறு என்ன இருக்கிறது?

பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட் வளாகத்தில் 2023 இறுதியில் ஒரு காலணித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அங்கே தயாராவது ‘க்ராக்ஸ்’. மேலே ஓட்டைகளும் பின்னால் ஒரு வாரும் வைத்த, கையில் எடுத்தால் கனமே தெரியாத அந்தக் காலணியைக் கல்லூரி வாசல்களில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் கொலராடோவில் 2002-இல் பிறந்த நிறுவனம் அது. 2021 முடிவதற்குள் முழு வீகன் ஆகிவிடுவோம், விலங்கிலிருந்து வரும் எதுவும் எங்கள் காலணியில் இருக்காது என்று அந்த ஆண்டு ஜூலையில் அறிவித்தது. கூடவே, 2030-க்குள் கார்பன் உமிழ்வை நிகர பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருவோம் என்றும் சொன்னது.

முதல் வாக்குறுதிக்குப் பெரிய செலவில்லை. அதன் பெயர்பெற்ற காலணியில் தோல் எப்போதுமே கிடையாது. ஆனாலும் வீகன் என்ற சொல்லை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாதாரண ஷூ ஒன்றில் தோலைத் தவிரவும் விலங்குப்பொருள் ஒளிந்திருக்கலாம்: எலும்பிலிருந்தோ பாலின் கேசினிலிருந்தோ செய்த பசை, மெருகுக்குப் பூசும் தேன்மெழுகு, அரக்கு, உள்ளே கம்பளித் துணி. இவை எல்லாவற்றையும் தேடிப்பிடித்து நீக்கியிருந்தால்தான் அது வீகன் காலணி.

தோலை விட்டு வெளியேறுவதில் நியாயம் இல்லை என்று பாலாற்றங்கரைக்காரர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தந்த தீர்ப்பு, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதாகவோ பாழானதைப் பதிவு செய்திருக்கிறது. குரோம் முறையில் தோல் பதனிட ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் புழங்குவதாகவும் அதில் ஒரு குறிப்பு உண்டு. 2015 ஜனவரி 31-ஆம் தேதி ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, சேற்றில் சிக்கி 10 பேர் இறந்தார்கள். மாட்டைப் பற்றிய கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் தோலின் கணக்கு கனமானதுதான்.

மாட்டைப் பற்றிய கேள்விதான் விஞ்ஞானிகளுக்கே தலைவலி. மாடு வாழ்நாளெல்லாம் மீத்தேனை ஏப்பமாக விடுகிறது. அந்தப் பாவத்தில் எத்தனை பங்கை இறைச்சி மீது எழுதுவது, எத்தனை பங்கைத் தோல் மீது எழுதுவது? தோல் வெறும் மிச்சம், இல்லாவிட்டால் குப்பைக்குப் போகும் என்று வைத்தால் அதன் பங்கு பூஜ்ஜியம். விலை விகிதப்படி பிரித்தால் ஒரு சிறு சதவீதம். எடைப்படி பிரித்தால் இன்னொரு எண். ஒரே தோல் செருப்பு, எந்த முறையில் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்து நல்ல பிள்ளையாகவும் வில்லனாகவும் தெரியும். தோல் தொழில்காரர்கள் முதல் முறையைக் காட்டுவார்கள். வீகன் நிறுவனங்கள் பெரிய எண்ணைத் தேடி எடுத்துக்கொள்ளும். விளம்பரத்தில் “தோலைவிட இத்தனை மடங்கு மேல்” என்று பார்த்தால், எந்த முறைப்படி என்று கேட்காமல் நம்பாதீர்கள்.

இந்தச் சண்டைக்கு வெளியே நின்று ஓர் ஆய்வு வேறொரு உண்மையைச் சொன்னது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2013-இல், ஜப்பானின் ஆசிக்ஸ் நிறுவனம் தயாரித்த ஓட்டப்பயிற்சி ஷூ ஒன்றைப் பிரித்துக் கணக்கிட்டார்கள். செயற்கைப் பொருளால் ஆன அந்த ஒரு ஜோடியின் கார்பன் சுமை சுமார் 14 கிலோ. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தொழிற்சாலைக்குள் உண்டாவது. மூலப்பொருளின் பங்கு மூன்றில் ஒன்றுகூட இல்லை. காரணம், அந்த ஷூவில் 65 பாகங்கள் இருந்தன. வெட்டி, அச்சிலிட்டு, தைத்து, ஒட்டி, சூடேற்றி முடிக்க 360 படிகள். நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் சிறு சிறு எந்திரங்கள் அத்தனைக்கும் வேண்டும். தோலா ரெக்ஸினா என்று நாம் வாதாடிக்கொண்டிருக்க, பெரும்பகுதிப் புகை தையல் மேசைக்கும் ஒட்டு மேசைக்கும் நடுவில் எழுகிறது.

க்ராக்ஸ் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, அதன் வழக்கமான ஒரு ஜோடியின் சுமை 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நிறுவனமே போட்ட கணக்கு என்பதை மறக்க வேண்டாம். இருந்தாலும் நம்பும்படி இருக்கிறது, ஏனென்றால் அதில் பாகங்களே சொற்பம். அச்சில் வார்த்த ஓர் உடல், ஒரு வார், இரண்டு திருகாணி மாதிரியான பொத்தான்கள். தையல் இல்லை, அடுக்கடுக்காகப் பசை இல்லை. இந்தப் பெருமை வீகன் என்ற பட்டத்துக்குச் சேர வேண்டியதல்ல. வடிவமைப்பின் எளிமைக்குச் சேர வேண்டியது. அறுபது எழுபது பாகங்களோடு வரும் வீகன் ஷூவுக்கு இந்தச் சலுகை கிடையாது.

அந்த அச்சுக்குள் போகும் நுரைப்பொருளை நிறுவனம் ‘க்ராஸ்லைட்’ என்கிறது. இந்த வகைக் காலணிகளுக்கெல்லாம் தாய் இ.வி.ஏ. என்ற பாலிமர். எத்திலீனும் வினைல் அசிடேட்டும் சேர்ந்தது, மூலம் பெட்ரோலியமும் இயற்கை வாயுவும். சூடான அச்சுக்குள் இதோடு வாயு உண்டாக்கும் பொருளும், பாலிமர் சங்கிலிகளைக் குறுக்கே கட்டிப்போடும் பெராக்சைடும் சேரும். அச்சைத் திறந்ததும் காலணி துள்ளி வெளியே வந்து, அச்சைவிடப் பெரிதாக உப்பி நிற்கும். எட்டாம் எண் காலணிக்கு அச்சு எட்டாம் எண் அளவில் இருக்காது. அந்தக் குறுக்குக் கட்டுகளால்தான் நுரை அமுங்கி மீள்கிறது. அவற்றாலேயேதான் அதை மறுபடி உருக்கி ஊற்றவும் முடியாது. பழைய காலணிகளை அரைத்து விளையாட்டுத் தரைக்கோ பாய்க்கோ போடலாம், புதுக் காலணியாக மாற்றுவது கடினம். மண்ணில் மட்காது. தேய்ந்த அடிப்பாகம் நுண்துகளாகத் தெருவில் கிடக்கும். மே மாத வெயிலில் காருக்குள் விட்டால் ஓர் அளவு சுருங்கியும் போகலாம்.

பெட்ரோலியத்தைக் குறைக்கவும் முயற்சி நடக்கிறது. 2030-க்குள் க்ராஸ்லைட்டில் பாதி அளவுக்கு, பிற தொழில்களின் கழிவிலிருந்தும் துணைப்பொருள்களிலிருந்தும் வரும் மூலப்பொருள் இருக்கும் என்பது இலக்கு. இங்கே ஒரு நுணுக்கம். ரசாயன ஆலையில் பெட்ரோலிய மூலமும் இந்த மாற்று மூலமும் ஒரே குழாயில் கலந்துதான் ஓடும். எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவைக் கணக்கில் எழுதி, விற்கும் பொருளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். வங்கியில் நாம் போட்ட நோட்டே திரும்பக் கைக்கு வராது, ஆனால் தொகை சரியாக இருக்கும் என்பது போல. மோசடி இல்லை. ஆனால் உங்கள் காலில் இருப்பது அந்த மாற்று மூலத்திலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

அன்னாசி இலைத் தோல், கள்ளித் தோல், ஆப்பிள் தோல் என்று வரும் புது வரவுகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கில் உள்ள ஃபில்க் ஆய்வு நிறுவனம் 2021-இல் இவற்றில் பலவற்றைச் சோதித்தது. துணி மேல் பாலியூரித்தேன் பூச்சு, அதற்குள் தாவரத்தூள் என்ற கட்டமைப்பு அவற்றில் சிலவற்றில் தெரிந்தது. உறுதியிலும் காற்றோட்டத்திலும் எல்லா விதத்திலும் தோலுக்கு ஈடுகொடுத்தது என்று ஒன்றும் இல்லை. விதிவிலக்கான முயற்சிகளும் உண்டு. கேரளத்தில் ‘மலாய்’ என்ற பெயரில், தேங்காய்த் தண்ணீரில் பாக்டீரியா வளர்த்து, அது நெய்யும் செல்லுலோஸ் படலத்தைத் தாளாக்குகிறார்கள். அளவு சிறியது, ஆனால் நேர்மையான பொருள்.

நம் ஊர்க்காரர்கள் பாலியூரித்தேன் மீது ஒரு கண் வைக்கவேண்டியதற்கு இன்னொரு காரணம் ஈரப்பதம். வீகன் ஷூக்கள் பலவற்றின் மேல்பாகமும் சிலவற்றின் அடிப்பாகமும் அதுதான். அதன் ஒரு வகையில் இருக்கும் எஸ்டர் பிணைப்புகளைக் காற்றின் ஈரமே மெல்ல அறுக்கும். நல்ல நாளுக்கென்று பெட்டியில் பத்திரமாக வைத்த ஷூ, சில வருடம் கழித்துக் காலில் போட்டதும் அடிப்பாகம் கேக் போல உதிர்வது இதனால்தான். சென்னைக் கடற்காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும். 14 கிலோ கார்பன் சுமந்து பிறந்த ஷூ மூன்று வருடத்தில் உதிர்ந்தால், பத்து வருடம் உழைத்து, இடையில் தெருமுனையில் தைத்தும் போட்ட தோல் செருப்பிடம் அது தோற்றுப்போக வாய்ப்பு அதிகம். எத்தனை வருடம் உழைக்கும் என்பதை மட்டும் எந்தப் பெட்டியிலும் அச்சடிப்பதில்லை.

விலங்குக்குக் காட்டும் கருணை மனிதருக்கும் வந்து சேர்கிறதா என்பதையும் வீகன் முத்திரை சொல்லாது. ஆம்பூர் வட்டாரத்தில் ஷூவின் மேல்பாகத்தை வீட்டில் உட்கார்ந்து ஜோடிக் கணக்குக் கூலிக்குத் தைக்கும் பெண்கள் இருக்கிறார்கள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் அவர்கள் வீட்டுக்கு வருவதில்லை. அச்சில் வார்க்கும் காலணியில் அந்தத் தையலே இல்லை. அதற்குப் பதில், தொழில் அதிகம் பார்க்காத மாவட்டத்துப் பெண்களுக்கு ஆலைச் சம்பளம் கிடைக்கிறது. 2022-இல் தமிழக அரசு காலணிக்கும் தோல் பொருள்களுக்கும் தனிக் கொள்கை கொண்டுவந்ததும் தோல் அல்லாத காலணியையும் மனதில் வைத்துத்தான். எனக்கு இது நல்ல செய்தி. ஆனால் சம்பளம் எவ்வளவு, சூடான அச்சுக்கூடத்தில் காற்றோட்டம் எப்படி என்பதையும் தன் அறிக்கையில் எழுதும் நிறுவனத்தையே முழு மதிப்பெண்ணோடு பாராட்டுவேன்.

க்ராக்ஸின் நிகர பூஜ்ஜிய ஆண்டு இப்போது 2030 அல்ல. 2022-இல் ஹேடூட் என்ற இன்னொரு காலணி நிறுவனத்தை வாங்கிய பிறகு அது 2040-க்குத் தள்ளிப்போனது. ஒரு ஜோடியின் சுமையைக் குறைத்துக்கொண்டே ஜோடிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் மொத்தம் எங்கே இறங்கும்?

இந்தக் கேள்விகளைக் கடைக்காரரிடம் கேட்டால் பதில் வராது. நிறுவனத்திடம் கேட்கலாம். பசுமைப் பூச்சு விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. பசுமையானது, இயற்கையானது, விலங்குகளை வதைக்காதது, நீடித்து நிலைக்கத்தக்கது என்றெல்லாம் விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் பொதுவாகச் சொல்லக் கூடாது. விவரத்தை விளம்பரத்திலேயோ, கியூஆர் குறியீட்டின் வழியாகவோ தர வேண்டும். அடுத்த முறை காலணிப் பெட்டியில் பச்சை இலைப் படம் கண்ணில் பட்டால், பக்கத்தில் அந்தக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்து, போனை எடுத்து ஸ்கேன் செய்யுங்கள். என்ன பாலிமர், தாவர மூலம் எத்தனை சதவீதம், ஆலைக்கு எந்த மின்சாரம், தேய்ந்த பிறகு யார் திரும்ப வாங்குவார்கள் என்ற விவரங்கள் அங்கே இருந்தால் விலையைப் பற்றிப் பேசலாம்.